பீச் கலரும் பத்துக்குப் பத்து அறையும்

சின்ன வீட்டுக்குப் பீச் கலர் அடியுங்கள், வீடு பெரிசாகத் தெரியும் என்று சொல்லாத ஆளே இப்போது கிடையாது. பெயின்ட் கடையில் சொல்கிறார்கள். வாரப் பத்திரிகையின் வீட்டு அலங்காரப் பக்கத்தில் எழுதுகிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் சொல்கிறார். சொல்கிறவர்களில் ஒருவராவது, "உங்க வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கு? என்ன லைட் போட்டிருக்கீங்க? தரை என்ன கலர்?" என்று கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு ஆற்றாமை வந்திருக்காது. கேட்பதே இல்லை. நிறத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பணம் கட்டுகிறவர்கள், வருஷக்கணக்கில் சேர்த்துவைத்து ஒரு தடவை பெயின்ட் அடிக்கிற குடும்பங்கள்.

அவர்கள் காட்டும் படங்களைப் பாருங்கள். பன்னிரண்டடிக்குக் குறையாத உயரத்தில் கூரை. ஒரு பக்கம் முழுக்கத் தரையிலிருந்து மேலே வரைக்கும் கண்ணாடி. நடுவில் ஒற்றை நாற்காலி, பக்கத்தில் ஒரு தொட்டிச் செடி. அந்த அறையில் யாரும் குடியிருக்கிற அடையாளமே இல்லை. நம்முடைய பத்துக்குப் பத்து அறையில் ஒரு சுவரை இரும்பு பீரோ எடுத்துக்கொள்கிறது. இன்னொன்று கட்டிலின் தலைமாட்டுக்குப் போய்விடுகிறது. மூன்றாவதில் கதவும், கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டும் ஸ்டாண்டும். நான்காவதில் ஜன்னல், அதன் கீழே தையல் மிஷின், மேலே லாஃப்ட். மிச்சம் தெரிகிற இடத்தில் காலண்டர், சாமி படம், பிள்ளையின் டைம் டேபிள். சுவர் என்று கண்ணில் படுவதே இடுப்புக்கு மேலே, லாஃப்டுக்குக் கீழே, துண்டு துண்டாகத்தான். அந்தத் துண்டுகளுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று யோசித்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

பத்துக்குப் பத்து என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிற அறை 9.3 சதுர மீட்டர் வரும். வசிக்கும் அறை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. 2015-இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உள்ளளவே மொத்தம் 30 சதுர மீட்டர் வரைதான் இருந்தது, கிட்டத்தட்ட 323 சதுர அடி. லட்சக்கணக்கான குடும்பங்கள் இந்த அளவுக்குள் சமைத்து, தூங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழ்கின்றன. ஆனால் வீட்டு அலங்காரம் என்று பேச ஆரம்பித்தால் இந்த வீடுகள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

பீச் இப்படித் திடீரென்று எங்கும் பரவியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பான்டோன் என்றொரு நிறுவனம் ஆண்டுதோறும் 'இந்த ஆண்டின் நிறம்' என்று ஒன்றை அறிவிக்கும். 2024-க்கு அவர்கள் சொன்னது 'பீச் ஃபஸ்'. அறிவித்தது 2023 டிசம்பர் 7. அந்த வாரம் சென்னை எப்படி இருந்தது என்பது இங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. மிக்ஜாம் புயல் டிசம்பர் 5-ஆம் தேதி ஆந்திரத்தில் பாபட்லா பக்கம் கரை கடந்துவிட்டது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் அதற்குப் பிறகும் வடியவில்லை. என் சித்தியின் வீடு வேளச்சேரியில் தரைத்தளம். ஒற்றைப் படுக்கையறை, ஒரு ஹால், இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத சமையலறை. முழங்கால் உயரத்துக்கு உள்ளே நின்ற தண்ணீர் வடிந்ததும் சுவரெல்லாம் பழுப்புக் கோடு. பொங்கலுக்கு முன்னால் அந்தக் கோடு கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தாள். பெயின்ட் கடைக்கு நானும் கூடப் போனேன்.

"இப்ப இதுதான்க்கா போகுது. சின்ன வீட்டுக்கு இதைவிட்டா வேற கலரே கிடையாது" என்று கடைத் தம்பி கலர் கார்டை விரித்தான்.

"லைட்டா இருக்குமா தம்பி?"

"ரொம்ப லைட்டுக்கா. கார்டுலயே பாருங்களேன்."

கார்டில் லைட்டாகத்தான் இருந்தது. சுற்றிலும் வெள்ளைத் தாள், நடுவில் தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சதுரம், அதன்மேல் கடையின் ஸ்பாட் லைட். சித்திக்குச் சந்தேகம் தீரவில்லை. "ஒரு கிண்ணம் கலந்து குடுப்பா, சுவத்துல தடவிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள். ஒரு லிட்டர் டப்பாவுக்குக் கீழே மிஷினில் கலக்க முடியாது, கலந்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. வெள்ளை பேஸ் டப்பாவில் மிஷின் சொட்டுச் சொட்டாகக் கலர் விட்டுக் குலுக்கித் தருகிறது. அப்படிக் கலந்ததை வேறு யாருக்கும் விற்க முடியாது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் புடவைக் கடையில்கூட வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு எடுக்கிறோம். புடவை பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடலாம். நாலு சுவரும் கூரையுமாக, விடிந்து எழுந்தால் முகத்துக்கு நேரே நிற்கிற ஒன்றை, ஐந்தாறு வருஷத்துக்கு மாற்ற முடியாத ஒன்றை, தபால் தலையைப் பார்த்து வாங்கு என்றால் அது என்ன நியாயம்?

கார்டில் பார்த்த நிறம் சுவரில் வராது. இது பெயின்டர்கள் எல்லோருக்கும் தெரியும், கடைக்காரர்களுக்கும் தெரியும். நாலு சுவருக்கும் ஒரே நிறம் அடிக்கும்போது ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து, ஒவ்வொரு தடவையும் அந்த நிறத்தையே கூடுதலாகச் சுமந்துகொள்கிறது. பெரிய ஹாலில் இது அவ்வளவாகத் தெரியாது. சுவர்கள் முகத்துக்கு முகம் பக்கத்தில் நிற்கிற சின்ன அறையில் நன்றாகத் தெரியும், மூலைகளில் இன்னும் அழுத்தமாக. கார்டில் இளம் பீச்சாக இருந்தது சித்தியின் படுக்கையறையில் கனகாம்பரக் கலருக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்தக் கார்டின் அதே வரிசையில் இரண்டு கட்டம் மேலே இருந்த, கிட்டத்தட்ட வெள்ளை என்று நாம் தாண்டிப் போகிற நிறத்தை எடுத்திருந்தால் சரியாக வந்திருக்கும். சின்ன அறைக்கு இரண்டு கட்டம் குறைத்து எடுங்கள் என்ற ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல என்ன செலவாகிறது? நிறத்துக்கு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் அளவே இருக்கிறது. நல்ல வெள்ளை எண்பதைத் தாண்டும், இளம் பீச் அறுபது எழுபதில் இருக்கும், அழுத்தமான பீச் அதற்கும் கீழே போய்விடும். ஏற்கெனவே வெளிச்சம் பற்றாத அறையில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமா?

அடுத்தது ஜன்னல். நம் ஊர்போல ஈரமும் வெயிலும் சேர்ந்த இடங்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வெளியே திறக்க வேண்டும் என்று அதே கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. நூறு சதுர அடி அறைக்குப் பதினாறு, பதினேழு சதுர அடி ஜன்னல். சித்தி வீட்டில் அந்த அளவுக்கு ஜன்னல் இருக்கத்தான் இருக்கிறது. திறந்தால் மூன்றடிச் சந்து, அதற்கப்புறம் பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவர் கிளிப்பச்சை. பகல் பதினொரு மணிக்கு வெயில் அந்தப் பச்சையில் பட்டு, பச்சையாகவே இவர்கள் அறைக்குள் வருகிறது. பச்சை வெளிச்சம் பீச்சின்மேல் விழுந்தால் அது சேறு படிந்ததுபோல மங்கிவிடும். தொலைவில் யாரோ தேர்ந்தெடுத்த நிறம், பக்கத்து வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த நிறம், இரண்டுக்கும் நடுவில் சித்தி தேர்ந்தெடுத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போனது.

ராத்திரி இன்னும் மோசம். நம் வீடுகளில் எரிகிற எல்.ஈ.டி. ட்யூபும் பல்பும் பெரும்பாலும் 6500 கெல்வின். அட்டைப்பெட்டியில் 'கூல் டே லைட்' என்று போட்டிருக்கும். எலெக்ட்ரிக் கடையில் லைட் என்று கேட்டால் வேறு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். நீலம் தூக்கலாக இருக்கிற வெளிச்சம் அது. பீச்சில் உயிராக இருக்கிற மஞ்சளும் சிவப்பும் அதில் எடுபடாது. சுவர் ரத்தசோகை வந்தவர் முகம்போல வெளிறி நிற்கும். படத்தில் பார்த்த பீச்சுக்கு 2700, 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு போட்டிருப்பார்கள், அதனால்தான் அது அப்படி ஜொலிக்கிறது. அதே மஞ்சள் விளக்கைப் படிக்கிற பிள்ளை இருக்கிற அறையில் போட்டால் கண் சொருகுகிறது என்பார்கள், போடவும் மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே 4000 கெல்வின் விளக்கு இருக்கிறது. படிக்கவும் முடியும், பீச்சும் பீச்சாகத் தெரியும். கேட்டால் கடையில் கிடைக்கும். பெயின்ட் விற்கிறவர் லைட்டைப் பற்றிப் பேசுவதில்லை, லைட் விற்கிறவர் சுவரைப் பற்றிப் பேசுவதில்லை. இடையில் தவிப்பது வீட்டுக்காரி.

மேற்கே ஜன்னல் இருக்கிறவர்களுக்குக் கதையே வேறு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் செவ்வெயில் நேரே உள்ளே விழும்போது பீச் கொதிக்கிற ஆரஞ்சாகிவிடும். ஏற்கெனவே புழுங்குகிற அறையில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். அங்கே பீச் வேண்டாம் என்று சொல்கிற துணிச்சல் எந்தக் கடைக்காவது இருக்கிறதா?

பீச்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல நிறம். நம் மாநிறத்துக்கு ஏற்றது, அதை ஒட்டி உட்கார்ந்திருக்கிறவர்களின் முகத்தை அது பளிச்சென்று காட்டும். தேக்குக் கதவுக்கும், பழைய ரெட் ஆக்ஸைடு தரைக்கும், வெள்ளையும் காவியும் கலந்த அந்தக் கால மொசைக்குக்கும் பீச்சைப்போல இசைவானது வேறில்லை. நங்கநல்லூரிலோ மேற்கு மாம்பலத்திலோ மீதமிருக்கிற பழைய வீடுகளில் ரெட் ஆக்ஸைடு தரைமேல் இளம் பீச் சுவரைப் பார்த்தால் உட்கார்ந்துவிட்டு வரத் தோன்றும். ஆனால் இன்றைய ஃப்ளாட்டில் நீலம் கலந்த வெள்ளையில் வழவழவென்று விட்ரிஃபைடு டைல்ஸ். ட்யூப் லைட் அதில் பட்டு மேலே வந்து சுவரின் கீழ்ப்பாதியை வெளிற அடிக்கிறது. பக்கத்தில் சாம்பல் நிற இரும்பு பீரோ. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பீச்சை எப்படி நிறுத்துவது என்பதுதான் நமக்குத் தேவையான யோசனை. தரையில் ஒரு கோரைப்பாயோ பவானி ஜமுக்காளமோ விரித்தால் அந்த வெளிறல் பாதி அடங்கிவிடும். பீரோவைச் சுவரின் பீச்சிலிருந்து ஒரு கட்டம் அழுத்தமான எனாமலில் அடித்துவிட்டால் அது சுவரோடு சேர்ந்து ஒதுங்கிவிடும். இதையெல்லாம் நான் எந்த அலங்காரப் பக்கத்திலும் பார்த்ததில்லை. புதுசாக சோஃபா வாங்குங்கள், தொங்கு விளக்கு வாங்குங்கள் என்றுதான் எழுதுகிறார்கள்.

அறை பெரிசாகத் தெரியும் என்ற பேச்சில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. 2010-இல் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். கூரை வெளிர்நிறமாக இருந்தால் அறை உயரமாகத் தோன்றுகிறது, சுவர் வெளிர்நிறமாக இருந்தாலும் உயரமாகத் தோன்றுகிறது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் கூடுகிறது. அப்படியென்றால் வேலை செய்வது வெளிர்ப்பு. பீச் என்ற பெயரில் ஒன்றும் இல்லை. அழுத்தமான பீச்சை அடித்துவிட்டு அறை விரியும் என்று காத்திருந்தால் விரியாது. சின்ன அறையில் ஒரு சுவரை மட்டும் அடர்த்தியாக அடிப்பது, கதவுச் சட்டத்துக்குக் கரும்பழுப்பு எனாமல், லாஃப்டுக்கு வேறொரு நிறம், ஹாலுக்கு ஒன்று, உள் அறைக்கு ஒன்று என்று பிரிப்பதெல்லாம் இருக்கிற இடத்தை வெட்டித் துண்டாக்குகிற வேலை. ஹாலிலிருந்து உள் அறைக்கும் சமையலறை வாசலுக்கும் ஒரே இளம் பீச் ஓடட்டும். கதவும் லாஃப்டும் அதற்குள்ளேயே அடங்கட்டும். கூரை வெள்ளையாக இருக்கட்டும். 320 சதுர அடி வீட்டுக்கு அது போதும்.

அழுக்கைப் பற்றி யார் பேசுகிறார்கள்? சின்ன வீட்டில் மனிதர்கள் சுவரோடு வாழ்கிறார்கள். சாய்ந்துதான் உட்கார முடியும், உரசித்தான் நடக்க முடியும். கட்டில் தலைமாட்டுச் சுவரில் தலையெண்ணெய்க் கறை வட்டமாக ஊறும். சித்தப்பா டி.வி. பார்க்கச் சாய்கிற இடத்தில் தோள் உயரத்தில் ஒரு கறுப்பு. ஸ்விட்ச் போர்டைச் சுற்றி விரல் தடம். சமையலறையிலிருந்து தாளிப்புப் புகை ஹாலுக்கு வந்து, ஃபேன் காற்றில் சுற்றி, பரணுக்கு மேலே பிசுபிசுப்பாகப் படியும். விளக்கேற்றுகிற அலமாரிக்கு மேலே புகைக்கரி. வெள்ளைச் சுவரில் அழுக்கு சாம்பலாகத் தெரியும். பீச்சில் எண்ணெய் பட்டால் காவியாக இறங்கிவிடும், துடைத்தாலும் வட்டத்தின் ஓரம் போகாது. விலை குறைவு என்று டிஸ்டெம்பரை அடித்துவிட்டால் ஈரத்துணியால் தொடவே முடியாது, நிறமும் சேர்ந்து வந்துவிடும். மேட் ஃபினிஷ்தான் அழகு, சுவரின் மேடுபள்ளம் தெரியாது என்று கடையில் சொல்வார்கள். அது உண்மையும்தான். ஆனால் நாலு பேர் புழங்குகிற அறைக்குத் துடைக்கத் துடைக்கத் தாங்குகிற, லேசாகப் பளபளப்புள்ள எமல்ஷன்தான் வேண்டும். அறைக்கு மூன்று லிட்டர் பிடிக்கும், விலை கூடத்தான். தலைமாட்டுச் சுவருக்கும் ஸ்விட்ச் பக்கத்துக்கும் மட்டுமாவது அதை அடித்துவிட்டு மற்றதற்குச் சாதாரணம் அடிக்கலாம். இப்படிப் பிரித்துக் கணக்குப் போட்டுத் தருகிற கடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஓதம். எனக்கு அடிவயிறு எரிவது இந்த விஷயத்தில்தான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் குடித்த தண்ணீர் முழுதாகக் காய மாதக்கணக்காகும். மழைத்தண்ணீரும் சாக்கடையும் கலந்து ஊறிய சுவர் என்றால் அதோடு உப்பும் உள்ளே போயிருக்கும். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விட்டால் போதும், உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். காசே செலவில்லாத சோதனை. சித்தியிடம் அதை யாரும் சொல்லவில்லை. வெள்ளம் வடிந்து ஆறு வாரம்கூட ஆகாத சுவரைப் பார்த்துவிட்டு, "பட்டி பாத்து அடிச்சுரலாம்மா, ஒண்ணும் ஆவாது" என்றார்கள். பட்டி, பிரைமர், அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் இரண்டு கோட். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் மூடியாயிற்று. சுண்ணாம்புச் சுவராக இருந்திருந்தால் அது பாட்டுக்கு மூச்சு விட்டுக் காய்ந்திருக்கும்.

பொங்கலுக்கு வீடு அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்காலம் வருவதற்கு முன்பே டைல்ஸ் ஓரத்தில் குமிழ் கிளம்பியது. விரலால் தொட்டால் 'பொத்'தென்று உள்ளே போகும். பீச் தோல் பொருக்காக உரிந்து விழ, உள்ளே வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. தினமும் காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு முறம் பொடி கூட்டி அள்ளுகிறாள். அந்தப் பொடி பறந்து பாத்திரத்தில் படிகிறது, சித்தப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. கேட்டால் கடை பெயின்டரைக் காட்டுகிறது, பெயின்டர் சுவரைக் காட்டுகிறார். சுவர் வெள்ளத்தில் ஊறியது என்பது பட்டி பார்க்கும்போதே எல்லோருக்கும் தெரியுமே. கோடையில் காயவிட்டு, பொரிந்த பூச்சைத் தட்டியெடுத்துப் பூசி, அந்தப் பூச்சு ஒரு மாதமாவது ஆறியபின் அடியுங்கள் என்று சொன்னால் அந்தப் பொங்கலுக்கு வியாபாரம் ஆகாது. அதற்காக ஒரு குடும்பத்தின் சேமிப்பைச் சுவரில் அடித்துக் கொட்டச் செய்யலாமா?

பெயின்டரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிடுகிறார்கள். பிரைமர் காய நேரம் விட்டால், ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நாலு மணி நேரம் காத்திருந்தால் அவருக்கு அன்றைய கூலி கட்டாது. பண்டிகைக்கு முன்னால் ஒரே வாரத்தில் நாலு வீட்டை முடிக்கச் சொல்லி விரட்டுவது நாம்தான். அவசரத்தில் தண்ணீர் கூடக் கலந்து இழுத்துவிடுவதும் நடக்கிறது. பீச்சில் அது உடனே திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஒரு லிட்டர் கலந்து வாங்கி டச்-அப் செய்தால் அது தனியே ஒரு திட்டாக நிற்கும். வேண்டியதை மொத்தமாக வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டு ஆரம்பித்தால் இந்தத் தொல்லை வராது.

பெயின்ட் அடிக்கிற நாட்களில் சின்ன வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள் என்றும் யாரும் யோசிப்பதில்லை. மாடியுள்ள வீட்டில் கீழே அடிக்கும்போது மேலே இருக்கலாம். இங்கே கட்டிலை நடுவில் இழுத்து, பாலித்தீன் போர்த்தி, அதே அறையில்தான் ராத்திரி படுக்கை. கதவுக்கு அடித்த எனாமலின் டர்பன்டைன் நெடி விடிய விடிய மூக்கில் ஏறும். பழைய கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற தூசியில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் எவ்வளவு இருந்ததோ, தேய்த்தால் அது தூசியாக வீட்டுக்குள்தான் விழும். ஈரம் தொட்டுத் தேய்க்க வேண்டும், பிள்ளைகளை அன்றைக்கு வெளியே அனுப்ப வேண்டும். வளரும் பிள்ளையின் மூளையைத் தொடுகிற விஷயம் இது.

சித்திக்காவது சொந்த வீடு. அதே கட்டடத்தின் மாடியில் வாடகைக்கு இருந்த பெண் தன் செலவில் ஹாலுக்கு இளம் பீச் அடித்து, அழகாகவே வைத்திருந்தாள். காலி செய்யும்போது 'பெயின்டிங் சார்ஜ்' என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டிராவிட்டால் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. சட்டம் அப்படி இருக்க, சென்னையில் ஒரு மாத வாடகையைப் பிடிப்பது எழுதாத விதியாகவே ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் சேர்த்தும்விடுகிறார்கள். சாவி கொடுத்துவிட்டுப் போகிற அன்றைக்கு யார் போய்ச் சண்டை போடுவது? அந்தப் பீச் சுவருக்கு மேலே ஒரே கோட் மலிவு வெள்ளையை இழுத்துவிட்டு அடுத்தவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடையில் ஒரு மூலையை மறைத்து மூன்று விளக்குகள் வையுங்கள், 2700, 4000, 6500. வாடிக்கையாளர் கேட்கிற நிறத்தை ஓரடிக்கு ஓரடி அட்டையில் அடித்து அந்த மூன்றிலும் காட்டுங்கள். அந்த அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், காசு வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் பீரோ பக்கத்தில் ஒன்று, ஜன்னல் பக்கத்தில் ஒன்று என்று வைத்துப் பார்த்துவிட்டு வந்து வாங்குவார்கள். தரைத்தளமா, தண்ணீர் ஏறிய வீடா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சித்தி இப்போது உரிந்த இடத்தையெல்லாம் செங்கல் தெரியத் தட்டியெடுத்துவிட்டாள். கோடை முழுக்கக் கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டு, டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவைத்திருக்கிறாள். ஹாலில் மட்டும் ட்யூபை 4000-க்கு மாற்றியாயிற்று. மீந்த பெயின்டுக்கு மூன்று பங்கு வெள்ளை கலந்து அட்டையில் அடித்துக் கொடுத்தேன். அதை ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிளாஸ்டிக் தாளில் ஈரம் கோக்காத நாள் வரும்வரை பெயின்டருக்குப் போன் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.